எல் போர்டு வண்டியின் பின் சீட்

எங்கள் வீட்டுத் தொழில் டிரைவிங் ஸ்கூல். ஸ்கூல் என்றால் பெரிதாக நினைக்க வேண்டாம். திருப்பதியில் பத்தடிக்குப் பத்தடி ஒரு ரூம், ஒரு மேஜை, சுவரில் சாலை விதிகளின் படம், வாசலில் ஒரு பழைய வெள்ளைக் கார். அவ்வளவுதான். நைனா, அதாவது என் அப்பா, அதற்கு முன் பல வருடம் லாரி ஓட்டியவர். எங்கள் குடும்பம் தமிழ்நாட்டு எல்லையோரம் நகரிப் பக்கத்தது. வீட்டுக்குள் தமிழ், வாசலைத் தாண்டினால் தெலுங்கு. நான் பிறந்த பிறகு அம்மா லாரி வேண்டவே வேண்டாம் என்று சொல்லிவிட்டாள். நைனா லாரியை விட்டு இந்தக் காரை வாங்கினார். இடப்பக்க சீட்டின் காலடியில் தனக்கென்று இன்னொரு பிரேக்கும் கிளட்சும் பொருத்தினார். கூரைமேல் மஞ்சள் பலகை ஒன்றை மாட்டினார். அதில் ஸ்கூலின் பெயரென்று எழுதியது என் பெயரைத்தான். நான் அவருக்கு ஒரே பிள்ளை.

ஆக, ஊரில் யார் யாரோ என் பெயரைத் தலைக்குமேல் வைத்துக்கொண்டு வண்டி பழகினார்கள். எனக்கு அந்த வண்டியில் கிடைத்தது பின் சீட்.

அதற்கும் காரணம் இருந்தது. பெண்கள் விடியற்காலையில்தான் வண்டி பழக வருவார்கள். ரோடு காலியாக இருக்கும், தெரிந்தவர்கள் பார்க்க மாட்டார்கள். ஆனால் ஆம்பளை ஒருவருடன் தனியாகக் காரில் போவதற்கு அவர்கள் வீட்டில் யோசிப்பார்கள். அதனால் நைனா என்னை எழுப்பிப் பின்னால் உட்கார வைத்துவிடுவார். "எங்க பாப்பா கூடவே இருப்பா" என்று சொல்லிவிட்டால் யாரும் மறுபேச்சு பேசமாட்டார்கள். பத்து வயதில் ஆரம்பித்தது. தலை சீவாமல், பாதித் தூக்கத்தில், ஒரு துப்பட்டாவைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். கரகம்பாடி ரோட்டில் போவோம், திருச்சானூர் பக்கம் போவோம், திரும்பி வருவோம். ஏழு மணிக்கு வீட்டில் விட்டுவிடுவார்.

வண்டியில் நடப்பதை வெளியே பேசக் கூடாது என்பது நைனா எனக்குப் போட்ட ஒரே கட்டளை. "ஜனங்க இங்க வந்து பயப்படுவாங்க, உளறுவாங்க. அது வண்டியோட போச்சி. வெளிய ஒரு வார்த்த போவக்கூடாது, தெரிதா?" என்பார். தலையாட்டுவேன்.

வண்டியில் நான் கண்டது இதுதான். நைனாவுக்கு இரண்டு குரல் இருந்தன. வீட்டில் அவர் பேசுவது லாரிச் சத்தத்தை மீறிப் பேசிப் பழகிய குரல். "இன்னா மார்க்கு இது? எழுந்து போய் படி." "அழுவாத. அழுதா மார்க்கு வருமா?" வண்டிக்குள் அந்தக் குரல் இருக்காது. தெலுங்கில், பஞ்சு மாதிரி ஒரு குரல் வரும். "மெல்லகா... மெல்லகா. பர்வாலேதும்மா." கிளட்சைச் சட்டென்று விட்டு வண்டியை நிறுத்திவிட்டாலும் பர்வாலேது. மாட்டின் மேல் விடப் பார்த்தாலும் பர்வாலேது. பிரேக் தன் காலடியிலும் இருக்கிறது, எதுவும் ஆகாது என்று ஒரே விஷயத்தை இருபது தடவை சொல்வார், இருபதாவது தடவையும் முதல் தடவை போலவே சொல்வார். எனக்கு ஏழாம் வாய்ப்பாட்டை இரண்டாம் தடவை சொல்லித்தரப் பொறுமை இல்லாதவர் அவர்.

யார் யாருக்கோ கிடைக்கும் அந்தக் குரலைப் பின் சீட்டிலிருந்து கேட்டுக்கொண்டே வளர்ந்தேன். வயிற்றுக்குள் ஏதோ எரியும். தூக்கம் கெட்டதால் என்று நினைத்துக்கொள்வேன்.

ஒன்பதாம் வகுப்பு படிக்கும்போது எங்கள் கணக்கு மேடம் வண்டி பழக வந்தார்.

அவரைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஐம்பதை நெருங்கும் வயது. கஞ்சி போட்ட காட்டன் புடவை. வகுப்புக்குள் அவர் காலடி கேட்டாலே கடைசி பெஞ்சு வரை அடங்கிவிடும். கணவர் இறந்து ஒரு வருடம் ஆகியிருந்தது. அவருடைய கார் ஷெட்டில் தூசி பிடித்துக் கிடந்தது. உயிரோடு இருந்தவரை அவர் மேடத்தை ஸ்டியரிங்கைத் தொடவிட்டதில்லையாம், "உனக்கு வராது" என்று சொல்லிவிடுவாராம். இப்போது சித்தூரில் தனியாக இருக்கும் தாயாரைப் பார்க்க வாரத்துக்கு இரண்டு தடவை பஸ்ஸில் போய்வர வேண்டியிருந்தது. இதையெல்லாம் முதல் நாளே நைனாவிடம் சொன்னார். பின்னால் நான் உட்கார்ந்திருப்பதைப் பார்த்து, ஒரு கணம் தயங்கினார்.

"இவ உங்க பொண்ணா?"

"ஆமா மேடம். உங்க ஸ்கூல்தானே. வாயே திறக்கமாட்டா, நீங்க கவலைப்படாதீங்க."

அவர்கள் பேசியதெல்லாம் தெலுங்கு. நான் தமிழில் எழுதுகிறேன்.

மேடத்துக்கு வண்டி சுலபத்தில் வரவில்லை. மற்றவர்கள் ஒரு மாதத்தில் முடித்துக்கொண்டு போவார்கள். மேடம் ஒரு மாதம் கழித்தும் இரண்டாவது கியரில்தான் இருந்தார். நைனா மற்ற பெண்களை மாலைக்குத் தள்ளிவிட்டு விடியற்காலை முழுவதையும் அவருக்கே ஒதுக்கினார். எனக்கு அது பிடிக்கவில்லை.

ஒருநாள் ரயில்வே மேம்பாலத்தில் ஏறும்போது நடுவில் எஞ்சின் நின்றுவிட்டது. பின்னால் ஒரு மணல் லாரி, அதற்குப் பின்னால் ஒரு பால் வண்டி. இரண்டும் ஹாரனை அழுத்தின. மேடம் சாவியைத் திருப்பினார், கிளட்சை விட்டார், வண்டி ஒரு குதி குதித்து மறுபடி நின்றது. இப்படி மூன்று தடவை. பிறகு ஸ்டியரிங் மேல் நெற்றியை வைத்துக்கொண்டு அழ ஆரம்பித்தார். "வத்து... வத்து... என்னால ஆகாது. அவர் சொன்னது சரிதான்." வேண்டாம் வேண்டாம் என்று தெலுங்கில் குலுங்கிக் குலுங்கி அழுதார். எனக்குத் தூக்கம் போய்விட்டது.

நைனா ஹாண்ட் பிரேக்கை இழுத்தார். இறங்கிப் பின்னால் போய் லாரிக்காரரிடம் ஏதோ சொன்னார். ஹாரன் நின்றது. திரும்பி வந்து உட்கார்ந்து, "அழுங்க மேடம். அழுது முடிச்சிட்டு ஸ்டார்ட் பண்ணலாம். நமக்கு இன்னா அவசரம்?" என்றார்.

அழச் சொன்னார். என்னைத்தான் அழாதே என்பார்.

மேடம் கண்ணைத் துடைத்துக்கொண்டு ஸ்டார்ட் செய்தார். பாலத்தைத் தாண்டினோம். அந்தப் பக்கம் ஒரு டீக்கடையில் நிறுத்தச் சொன்னார் நைனா. மூன்று டீ வாங்கிவந்து காரிலேயே குடித்தோம். அப்போது நைனா தானாக ஒரு கதையைச் சொன்னார். முதல் தடவை மாங்காய் லோடு ஏற்றிக்கொண்டு மலைப்பாதையில் இறங்கும்போது பிரேக் சூடாகிப் பிடிக்காமல் போயிற்றாம். ஒவ்வொரு வளைவிலும் செத்தேன் என்று நினைத்தாராம். "ஓனர் பக்கத்துல தூங்கிட்டிருந்தாரு. அவரு பார்க்கமாட்டார்னு தைரியத்துல அழுதுகிட்டே ஓட்டினேன் மேடம். கீழ இறங்கின அப்புறம் முகம் கழுவிக்கிட்டு அவரை எழுப்பினேன்." மேடம் சிரித்தார். நைனாவும் சிரித்தார்.

நான் கண்ணாடி வழியாக வெளியே பார்த்துக்கொண்டிருந்தேன். அந்தக் கதையை நான் அதுவரை கேட்டதே இல்லை. அம்மாவும் கேட்டிருப்பாளா என்று சந்தேகம். நைனா எப்போதாவது அழுதிருப்பார் என்றே எனக்குத் தெரியாது. அதை எனக்குச் சொல்லாமல், ஸ்டியரிங் பிடிக்கத் தெரியாத யாரோ ஒருவருக்கு, டீயோடு சேர்த்துக் கொடுத்துவிட்டார்.

அன்றைக்கே பள்ளியில் கணக்குப் பரீட்சைத் தாளைக் கொடுத்தார்கள். எனக்கு முப்பத்தொன்று. மேடம் என்னை எழுந்து நிற்கச் சொன்னார். "உங்க நைனா உனக்காக எவ்வளவு கஷ்டப்படறார், உனக்குத் தெரியுமா?" என்று எல்லோர் முன்னாலும் கேட்டார்.

என் நைனாவைப் பற்றி எனக்கே சொல்கிறார்.

மதியச் சாப்பாட்டு வேளையில் பக்கத்துப் பெண்ணிடம் ஆரம்பித்தேன். "ஒண்ணு காட்டட்டுமா?" என்று கேட்டு, இரண்டு கையாலும் ஸ்டியரிங் பிடிப்பதுபோல் பிடித்தேன். டொக்கென்று குதித்தேன். நெற்றியைக் கையில் வைத்துக்கொண்டு, "வத்து... வத்து... என்னால ஆகாது" என்று மேடத்தின் குரலிலேயே அழுதேன். அவள் விழுந்து விழுந்து சிரித்தாள். இன்னொரு தடவை செய் என்றாள். மூன்றாவது தடவை செய்யும்போது பத்துப் பேர் சுற்றி நின்றார்கள். நான் நன்றாகவே நடித்தேன். அதைச் சொல்லத்தான் வேண்டும்.

இரண்டு நாளில் வகுப்பு முழுக்கப் பரவிவிட்டது. மேடம் பலகையில் எழுதிக்கொண்டிருந்தபோது பின்னாலிருந்து ஒரு பையன் எஞ்சின் நிற்கிற சத்தத்தை வாயால் எழுப்பினான். கடகட... டொக். இன்னொருவன் மெதுவாக "வத்து, வத்து" என்றான். சாக்பீஸ் நின்றது. மேடம் திரும்பினார். சத்தம் போட்டவர்களைப் பார்க்கவில்லை, நேராக என்னைப் பார்த்தார். பிறகு திரும்பி, விட்ட இடத்திலிருந்து கணக்கை எழுதி முடித்தார்.

மறுநாள் காலை வழக்கம்போல் அவர் வீட்டு கேட் முன்னால் போய் நின்றோம். மேடம் வீட்டுப் புடவையிலேயே வெளியே வந்தார். கேட்டைத் திறக்கவில்லை.

"இனி வேண்டாம். எனக்கு வராதுன்னு தெரிஞ்சுபோச்சு."

"மேடம், பாலம் ஏறிட்டீங்க. இன்னும் பத்து நாள்தான். நான் ஏதாவது தப்பா பேசிட்டேனா?"

"உங்க மேல எந்தத் தப்பும் இல்லை."

அவ்வளவுதான் சொன்னார். பின் சீட்டின் பக்கம் அவர் பார்வை திரும்பவே இல்லை. நான் செய்ததை அவர் நைனாவிடம் சொல்லியிருக்கலாம், சொல்லவில்லை.

நாலு நாள் நைனா அதையே யோசித்துக்கொண்டிருந்தார். தட்டில் போட்டதைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்துவிடுவார். "நான் இன்னா தப்பு பண்ணேன்னே தெரிலமே" என்று அம்மாவிடம் சொன்னது எனக்குக் கேட்டது. பிறகு என்னிடமே வந்தார். என் பக்கத்தில் உட்கார்ந்தார். அப்படி அவர் உட்கார்ந்து பேசுவது அபூர்வம்.

"பாப்பா, நீ பின்னாடிதானே இருந்த. என் வாய்ல எதனா தப்பா வந்துச்சா? லாரிக் கதைய சொன்னனே, அத அவங்க தப்பா எடுத்துக்கினாங்களா?"

அந்தக் குரல் கிட்டத்தட்ட வண்டிக் குரல். எனக்கு வேண்டியிருந்த குரல், கடைசியில் என் பக்கம் வந்திருந்தது. ஆனால் அப்போதும் மேடத்துக்காகத்தான் வந்திருந்தது.

"அவங்கள பத்தியே கேட்டுக்கினு இருக்கியே! நான்தான் ஸ்கூல்ல சொன்னேன். அவங்க அழுதத நான்தான் நடிச்சிக் காட்டினேன்."

நைனா என்னை அடிப்பார் என்று தோள்களைக் குறுக்கிக்கொண்டேன். அடிக்கவில்லை.

"எதுக்கு?" என்றார்.

உண்மையான காரணத்தைச் சொல்ல எனக்கு வார்த்தை தெரியவில்லை. "சும்மாதான்" என்றேன்.

அவர் முகம் மாறியதை இன்றும் மறக்க முடியவில்லை. நான் செய்ததைவிட அந்தச் சும்மாதான் அவரை அதிகம் உறுத்தியது என்று நினைக்கிறேன். எழுந்து போய்விட்டார்.

மறுநாள் விடியற்காலை என்னை எழுப்பவில்லை. அம்மாவை எழுப்பினார். அதற்குப் பிறகு பின் சீட்டில் அம்மாதான் உட்கார்ந்தாள். விருப்பமில்லாமல் உட்கார்ந்த இடம்தான், ஆனால் அதுவும் இப்போது என்னுடையது இல்லை. தலையில் ஒரு டவலைச் சுற்றிக்கொண்டு அம்மா கிளம்பிப் போவதை ஜன்னலில் நின்று பார்த்தேன்.

முதல் வாரமே அம்மா மேடத்தின் வீட்டுக்குப் போனாள். அங்கே என்ன பேசினாள் என்று அவளே என்னிடம் சொன்னாள். "பொண்ணு பண்ணது தப்புதான். அதுக்கு நீங்க எதுக்கு நிறுத்தணும்? எங்க வூட்டுக்காரரு நாலு நாளா சரியா துன்றதில்லன்னு சொன்னேன். வரேன்னாங்க. ஆனா அந்தப் பொண்ணு வண்டில இருக்கக் கூடாதுன்னாங்க." அம்மா எதையும் மழுப்பிச் சொல்பவள் இல்லை.

என்னை மன்னிப்புக் கேட்கச் சொல்லிப் பள்ளிக்கு அனுப்பினாள். ஆசிரியர்கள் அறையில் மேடம் தனியாக நோட்டுத் திருத்திக்கொண்டிருந்தார். சாரி மேடம் என்றேன். நோட்டிலிருந்து கண்ணை எடுக்காமல், "எப்படி நடிச்சே? எனக்கும் காட்டு" என்றார்.

நின்றேன். கைகளைத் தூக்கப் பார்த்தேன், தூக்க முடியவில்லை. அவர் பேனாவை மூடிவைத்துவிட்டுக் காத்திருந்தார். பத்துப் பேர் முன்னால் வந்தது, ஒருவர் முன்னால் வரவில்லை.

"முடியலையா? சரி, வகுப்புக்குப் போ."

மேடம் வண்டி பழகி முடித்தார். லைசென்ஸ் வந்ததும் தன் காரிலேயே முதல் தடவையாகச் சித்தூர் போனார். பக்கத்தில் நைனா, பின்னால் அம்மா. போகும் வழியில் காணிப்பாக்கத்தில் நிறுத்தி வண்டிக்குப் பூஜை போட்டார்களாம். மேடத்தின் தாயார் தெருமுனை வரை வந்து நின்று, மகள் ஸ்டியரிங்கில் வருவதைப் பார்த்துக் கை தட்டினாராம். அம்மா திரும்பிவந்து கையை ஆட்டி ஆட்டிச் சொன்னாள். அந்த வீட்டு மரத்து மாம்பழம் ஒரு பை நிறைய வந்தது. எனக்கு வேண்டாம் என்றேன். யாரும் வற்புறுத்தவில்லை. மறுநாள் எல்லோரும் வெளியே போன பிறகு இரண்டு பழம் தின்றேன். அவ்வளவு இனிப்பான பழத்தை நான் தின்றதில்லை. அதற்கும் கோபம் வந்தது.

இதற்கெல்லாம் பிறகு அம்மாவுக்கு ஆசை வந்துவிட்டது. ஒரு வருடம் பின் சீட்டில் உட்கார்ந்து பார்த்ததில் எல்லாம் புரிந்துவிட்டது என்றாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது, "எனக்கும் கத்துக்குடேன்" என்று நைனாவைக் கேட்டாள். நைனா சிரித்தார். அடுத்த ஞாயிறு இருவரும் வடமாலபேட்டைப் பக்கம் காலி ரோடு பார்த்துப் போனார்கள். பரீட்சை இருக்கிறது என்று என்னை வீட்டில் விட்டுவிட்டார்கள். அம்மாவிடமும் அவர் மெல்லகா என்று சொன்னாரா, இல்லை தமிழில் வேறு ஏதாவது சொன்னாரா என்று எனக்குத் தெரியாது. கேட்கவில்லை. மூன்று மாதத்தில் அம்மா நன்றாக ஓட்டினாள். பிறகு அவளே பெண்களுக்குச் சொல்லித்தர ஆரம்பித்தாள். இரண்டாவது கார் வந்தது. அதன் மேலும் என் பெயர்ப் பலகை.

பதினெட்டு முடிந்து டிகிரி படிக்கும்போது நான் ஒரு காரியம் செய்தேன். கம்ப்யூட்டர் கிளாஸ் என்று வீட்டில் சொல்லிவிட்டு, ஊரின் அந்தக் கோடியில் இருந்த வேறொரு டிரைவிங் ஸ்கூலில் சேர்ந்தேன். சொல்லித்தந்தவர் உயரமான ஆள், கத்துவார். என் பெயரைக் கேட்டதும், "இந்தப் பேர்ல ஒரு ஸ்கூலே இருக்குதே" என்றார். தெரியும் என்றேன். அவர் கத்தக் கத்த எனக்கு நிம்மதியாக இருந்தது. இங்கே பொறாமைப்பட ஒன்றுமில்லை.

டெஸ்ட் நாளில்தான் மாட்டிக்கொண்டேன். மைதானத்தில் நைனா தன்னிடம் பழகிய ஆட்கள் நாலு பேருடன் மரத்தடியில் நின்றிருந்தார். அதை நான் எதிர்பார்த்திருக்க வேண்டும், எப்படியோ மறந்துவிட்டேன். இன்னொரு ஸ்கூல் பெயர் போட்ட வண்டியிலிருந்து நான் இறங்கியதை அவர் பார்த்தார். அங்கேயே நின்றார். என் முறை வந்தது. ரிவர்ஸ் எடுக்கும்போது பின்னால் இருந்த கம்பத்தில் இடித்துவிட்டேன். பிரேக் இன்ஸ்பெக்டர் தலையை ஆட்டினார். ஃபெயில்.

நைனா நடந்து வந்தார். மைதானமே பார்த்துக்கொண்டிருந்தது. டிரைவிங் ஸ்கூல்காரர் மகள் வேறு ஸ்கூலில் பழகி ஃபெயிலானது எப்படிப்பட்ட செய்தி என்று எனக்கு அப்போதுதான் உறைத்தது. என்னிடம் வருகிறார் என்று நினைத்தேன். என்னைத் தாண்டிப்போய், அந்த உயரமான ஆளிடம் தெலுங்கில் சொன்னார்: "எங்க பொண்ணுதாங்க. கண்ணாடி உங்க உயரத்துக்கு இருக்கு. அவ உயரத்துக்குத் திருப்பி வைங்க. பின்னாடி கம்பம் தெரியாமதான் இடிச்சா." சொல்லிவிட்டுத் தன் ஆட்களிடம் திரும்பிப் போய்விட்டார்.

அவர் சொன்னது சரி. கண்ணாடியைத் திருப்பியதும் பின்னால் இருப்பதெல்லாம் தெரிந்தது. அடுத்த தடவை பாஸ் செய்தேன். அதைப் பற்றி வீட்டில் ஒரு பேச்சும் எழவில்லை. அம்மாவிடம் மட்டும், "கிளட்ச்ச விட்டு விட்டுப் புடிக்கிறா" என்று சொன்னாராம்.

இப்போது எனக்குச் சித்தூரில் வேலை. தினமும் திருப்பதியிலிருந்து நானே ஓட்டிக்கொண்டு போய் வருகிறேன். போன மாதம் ஒரு ஞாயிறு, ஸ்கூல் ரூம் வாசல் பெஞ்சில் அம்மாவுடன் உட்கார்ந்திருந்தேன். உள்ளே நைனா புதிதாகச் சேர்ந்த இரண்டு பேருக்குச் சுவர்ப் படத்தைக் காட்டி விளக்கிக்கொண்டிருந்தார். அதே குரல். இத்தனை வருடம் கழித்து அம்மாவிடம் கேட்டே விட்டேன்.

"ஊருக்கெல்லாம் சொல்லித்தராரே, எனக்கு மட்டும் ஏம்மா சொல்லித்தரல?"

அம்மா ரிஜிஸ்டரிலிருந்து நிமிர்ந்தாள். "மாட்டேன்னு எப்பன்னா சொன்னாரா?"

"இல்ல."

"நீ கேட்டியா?"

நான் பெஞ்சில் கிடந்த சாவியை நகர்த்தி வைத்தேன்.

"மேடம் கேட்டாங்க. நான் கேட்டேன். கேட்டவங்களுக்குச் சொல்லித்தந்தாரு. நீ வேற ஸ்கூலுக்குப் போய்க்கினு இருந்த."

"பெத்த பொண்ணு வாயத் தொறந்து கேக்கணுமா?"

"கட்டினவளே கேக்க வேண்டியிருந்துச்சே. எனக்குப் பதினஞ்சு வருஷம் ஆச்சி, அந்த ஒரு வார்த்தயக் கேக்க."

எங்கள் முன்னால் ஒரு பெண் வந்து நின்றாள். பிச்சாட்டூரிலிருந்து கல்யாணமாகி வந்தவளாம், புது மெட்டி, கையில் எல்.எல்.ஆர். காகிதம், கண்ணில் பயம். அம்மா சாவியை எடுத்துக்கொண்டு, "வாம்மா, பயப்படாத" என்று அவள் தோளில் கை வைத்து அழைத்துக்கொண்டு போனாள். நான் அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தேன். உள்ளே நைனா யாரையோ சிரிக்க வைத்துக்கொண்டிருந்தார். எனக்கு முப்பது தாண்டிவிட்டது. வயிற்றில் அந்த எரிச்சல் அப்படியே இருந்தது.